பூட்டுக்கும் ஒரு விசாரிப்பு

மாமி எவரையும் முதலில் சுகம் கேட்டதில்லை. "நீங்கள் ஆற்ற பிள்ளை?" என்று, யாருடைய பிள்ளை என்பதில்தான் தொடங்குவார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்தவராக இருந்தாலும், அவருடைய தகப்பன், தகப்பனின் தமையன், அந்தத் தமையன் ஏன் வங்காலையில் போய்க் குடியிருந்தார் என்பது வரைக்கும் தெரிந்த பிறகுதான் செம்பு வெளியே வரும். அதற்குள் பலருக்குத் தாகம் தீர்ந்துவிடும்.

மன்னார்த் தீவில், தாழ்வுபாடு என்ற எங்கள் ஊரில், எங்கள் சந்துக்கு அடுத்த ஒழுங்கை அவருடையது. கருவாடு காயவைத்து விற்பது தொழில், விசாரிப்பது ஊழியம். ஊரில் ஒரு கலியாணப் பேச்சு தொடங்கினால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாமி விசாரித்துக் கொடுத்துவிடுவார். புதிதாக ஒரு பாதர் எங்கள் பங்குக் கோவிலுக்கு மாற்றலாகி வந்தபோது, அவர் முதற்பூசை வைப்பதற்கு முன்பே அவருடைய தாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் எங்கள் ஆன்மாவுக்கு என்ன பயன் என்று எவரும் மாமியைக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்தது கேட்டவரின் கிணறு.

எனக்கும் அவர் ஊழியம் செய்திருக்கிறார். வங்காலையில் ஒரு பெண்ணைப் பேசி, எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில் பெண் வீட்டார் மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். மாமி சொன்னாராம்: "பொடியன் தங்கம். குடியில்லை, சூதில்லை. ஆனா பஸ்ஸில யன்னல் சீற் கிடைச்சா, பக்கத்தில கிழவி நிண்டாலும் எழும்பமாட்டான்." அத்தோடு அந்தச் சம்பந்தம் குழம்பியது. நான் கொதித்துப் போய் அவர் வாசலில் நின்றேன்.

"நான் பொய் சொன்னனானோ?" என்றார், கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.

"இல்லை."

"பிறகென்ன? இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அன்றிலிருந்து நான் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகிறேன். சம்பந்தம்தான் திரும்பி வரவில்லை.

இப்படி ஊரைச் சலித்தெடுத்த மனுசியின் ஒரே மகள், எங்கள் வகுப்பில் என்னோடு படித்தவள், அடம்பன் என்ற ஊர்ப் பொடியன் ஒருவனை விரும்பினாள். வயல் குடும்பம். "கணுக்காலுக்கு மேல தண்ணி வந்தா கூக்குரல் வைக்கிற ஆக்கள்" என்று மாமி முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டாலும், முறைப்படி விசாரிக்க இரண்டு தரம் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்த முகம் நன்றாக இல்லை.

"குடி இல்லை, சண்டை இல்லை, பெட்டையள் பிரச்சினையும் இல்லை" என்றார் என்னிடம். குற்றப்பத்திரிகை வாசிப்பது போலத்தான் வாசித்தார். "வாய் திறக்கிறதும் இல்லை. தாயைக் கேட்டன். 'அவன் எங்களுக்கே ஒண்டும் சொல்லமாட்டான்' எண்டுறா. வாயே திறக்காதவனை என்னெண்டு விசாரிக்கிறது?"

எங்கள் கத்தோலிக்கக் கோவில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைப் பாதர் வாசிப்பார். இந்தக் கலியாணத்துக்கு ஏதும் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். நான் அறிய எவரும் போய்ச் சொன்னதில்லை. அது ஒரு சம்பிரதாயம். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி நேரே பாதரின் அறைக்குப் போய்த் தடை சொன்னார், தன் சொந்த மகளின் கலியாணத்துக்கு.

"என்ன தடை அம்மா?"

"விசாரிப்பு முடியேல்லை பாதர்."

"அது திருச்சபைச் சட்டத்தில ஒரு தடை இல்லை. பொடியன் முந்தி ஆரையும் கலியாணம் கட்டினவரோ?"

"இல்லை. கட்டியிருந்தா அவளிட்டையாவது விசாரிச்சிருப்பன்."

கலியாணம் நடந்தது. மாமி முன் வரிசையில் இருந்தார், பட்டுச்சேலையோடு, எவருக்கும் ஒரு குறையும் வைக்காமல். மருமகன் வந்து காலில் குனிந்தபோது மட்டும் அவருக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்யும் அவசர வேலை வந்துவிட்டது. பிறகு இருவரும் பிரான்சுக்குப் போனார்கள். மகளோடு மாமி ஒவ்வொரு நாளும் வீடியோவில் பேசுவார். திரையின் ஓரத்தில் மருமகனின் சட்டைக் கை தெரிந்தால் போதும், "லைன் இழுக்குது பிள்ளை, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார். பிரான்சின் இணையம் அந்த ஒரு மனிதனைக் கண்டால் மட்டும் பழுதாகும்.

மகள் எனக்கும் போன் எடுப்பாள். மன்னார் பசாரில் எனக்கு ஒரு போன் திருத்தும் கடை இருக்கிறது. தாயின் போனுக்கு என்ன வருத்தம் வந்தாலும் நான்தான் வைத்தியர். ஒரு முறை சொன்னாள்: "அம்மா அவரோட கதைக்காட்டியும் பரவாயில்லை. இந்தக் கலியாணத்துக்கு ஒருக்கா ஓம் எண்டு சொன்னா காணும். வயித்தில பிள்ளையும் வந்திட்டுது. இன்னும் விசாரிப்பு முடியேல்லையாமோ?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மாமியின் முகநூல் படம் கழுதையாக மாறியது.

மன்னார் ரவுண் தெருக்களில் கழுதைகள் கடை வாசல்களில் படுத்திருப்பது எங்களுக்குச் சாதாரணம். ஆனால் அதிலொன்று மாமியின் பெயருக்கு மேலே, வட்டத்துக்குள், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கீழே வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாரும் வழக்கம்போலப் பார்க்காமலே இதயம் போட்டிருந்தார்கள். "எப்பவும் போல வடிவு மச்சாள்" என்று ஒருவர் எழுதியும் இருந்தார். மாமி போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பாம்பைப் பிடித்து வருகிறவர் போல என் கடைக்கு வந்தார்.

"ஆர் செய்தது?"

எனக்கு என்ன தெரியும்? மாமியால் சம்பந்தம் குழம்பியவர்களைச் சந்தேகிப்பதென்றால் தீவில் பாதிப் பேரை நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

"பாஸ்வேர்ட் என்ன வச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார். அது அவருடைய புருசனின் படகின் பெயரும் பதிவு இலக்கமும். இரண்டும் படகின் முன்பக்க அணியத்தில் நீலப் பெயின்ரில், கால்மைல் தூரத்துக்குத் தெரிகிற எழுத்தில், வெயிலில் கிடக்கின்றன. கரையில் வலைக்குச் சிக்கெடுக்கிற ஒவ்வொருவரும் மாமியின் கடவுச்சொல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சிக்கெடுக்கிறார்கள்.

மாமி மட்டுமல்ல. கேட்டுப் பார்த்தால் எங்கள் கரையில் எல்லார் கடவுச்சொல்லும் அவரவர் படகுதான். பூசை முடிந்து நாலு பேருக்கு இதை எடுத்துச் சொன்னேன். ஊர் திடுக்கிட்டது, ஒரே கிழமையில் எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். சொந்தப் படகின் பெயரை எடுத்துவிட்டு, தமையனின் படகுப் பெயரை வைத்தார்கள்.

மாமிக்கு அது போதவில்லை. நான் சொன்னேன்: "ஒவ்வொண்டுக்கும் வேறவேற பாஸ்வேர்ட் வேணும் மாமி. ஞாபகம் வச்சிருக்க ஏலாது. எல்லாத்தையும் பூட்டி வைக்கிறதுக்கு எண்டே செயலி இருக்கு. பாஸ்வேர்ட் மனேச்சர் எண்டு சொல்லுறது. நீங்கள் ஒரேயொரு பெரிய சாவியை மட்டும் ஞாபகம் வச்சிருந்தாக் காணும்."

"என்ர எல்லாச் சாவியையும் அவனிட்ட குடுக்கிறதோ?" மாமி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "அப்ப அவன் ஆற்ற பிள்ளை?"

நான் செய்த முட்டாள்தனம், மூன்று செயலிகளைக் காட்டியது. ஒன்றைக் காட்டியிருந்தால் ஒரு விசாரிப்போடு தப்பியிருப்பேன். மஞ்சள், ஊதா, பச்சை என்று மூன்று அடையாளப் படங்களும் திரையில் வரிசையாக நின்றன. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றைப் பார்த்த பார்வையில், மூன்றும் தலை வாரிக்கொண்டு வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மஞ்சள் இலவசம். அதைக் கேட்டதும் மாமி கண்ணாடியைக் கழற்றினார். "சீதனம் வேண்டாம் எண்டு வாற மாப்பிள்ளையில ஏதோ ஒரு கோளாறு இருக்கும். விடு." ஊதா, விரல் ரேகையைக் கேட்டது. வாழ்நாள் முழுக்க உப்பில் கிடந்த கையில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஊதா ஒன்றையும் ஏற்கவில்லை. "என்ர கையை மதிக்காதவன் எனக்கு வேண்டாம்" என்று அதையும் அனுப்பிவிட்டார்.

மிஞ்சியது பச்சை. அதற்குக் கேள்விகள் வந்தன. எந்த நாடு? கந்தோர்க் கட்டடம் சொந்தமோ, வாடகையோ? எத்தனை பங்காளிகள்? பங்காளிகளுக்குள் கோபதாபம் உண்டோ? முந்தி எப்போதாவது கள்ளன் புகுந்ததோ, புகுந்திருந்தால் சொன்னார்களோ, மறைத்தார்களோ? நாளைக்கு ஆருக்கும் விற்றுவிட்டுப் போனால் என் சாவி என்ன ஆகும்? எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். பங்காளிகளின் கோபதாபம் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பச்சையின் கந்தோர் நோர்வேயில் என்று சொன்னதுதான் தாமதம், "அங்க என்ர ஒண்டுவிட்ட தங்கச்சியின்ர மகள் இருக்கிறாள்" என்றார். அந்தப் பெண் பேக்கரியில் வேலை செய்கிறவள். பாவம், ஒரு லீவு நாளில் பனிக்குள் ரயில் ஏறிப் போய், அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து, உள்ளே போயும் பார்த்துவிட்டு, பேசிப் பதிந்து ஒரு வொய்ஸ் அனுப்பினாள். மாமி அதைக் கடையில் சத்தமாகப் போட்டுக் கேட்டார்: "நல்ல துப்பரவான இடம் பெரியம்மா. வாசல்ல பூச்சட்டி இருக்கு. கோப்பி தந்தவை. என்னத்துக்கு வந்தனீர் எண்டு கேட்டவை, எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"கோப்பி குடுத்தவையாம்" என்று மாமி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பச்சைக்கு அதிலேயே பாதி வெற்றி.

மீதிப் பாதிக்கு ஊரின் சம்மதம் வேண்டியிருந்தது. பூசையில் வாசிக்க முடியுமா என்று பாதரிடம் கேட்டாராம். பாதர் மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே மாமி தானே கோவில் வாசல் கேற்றடியில், சைக்கிள்களுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் நடுவில் நின்று அறிவித்தார்: "இந்தப் பச்சைப் பூட்டை நான் எடுக்கப் போறன். ஆருக்கும் ஏதும் தடை தெரிஞ்சா இப்பவே சொல்லுங்கோ." அப்படி மூன்று ஞாயிறு. ஒருத்தி, தன் தம்பியின் போன் அதைப் போட்ட பிறகு சூடாகிறது என்றாள். இன்னொருத்தி, அதைப் போட்ட பொடியன் பள்ளிக்கூடச் சோதினையில் கோட்டை விட்டதாகச் சொன்னாள். இரண்டையும் மாமி விசாரித்துத் தள்ளுபடி செய்தார். மூன்றாம் ஞாயிறு பாதரே மெல்ல வந்து, அதன் பெயர் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

பிறகு ஒரு நாள் கடையில் இருந்து பச்சையை மாமியின் போனில் ஏற்றினேன். பெரிய சாவியாக அவர் முதலில் செபமாலையின் தொடக்கத்தைச் சொன்னார். பூசைக்கு வாற எல்லோருக்கும் அது பாடம் என்று சொல்லி மறித்தேன். நெடுநேரம் யோசித்து, எனக்குத் தெரியாமல் ஏதோ ஒன்றை அடித்தார். எல்லாம் முடிந்தது என்று நான் எழும்ப, மாமி என் கையைப் பிடித்தார்.

"நான் செத்துப்போனா?"

அதற்கும் ஒரு வழி இருந்தது. நம்பிக்கையான ஒருவரின் பெயரையும் மின்னஞ்சலையும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். அவர் திறக்கக் கேட்டால், செயலி உடனே திறக்காது. முதலில் மாமிக்குத் தகவல் அனுப்பும். குறித்த காலத்துக்குள் மாமி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் மறுக்காவிட்டால் தானாகத் திறக்கும். இதைச் சொன்னபோது மாமியின் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"இது கோவில்ல வாசிக்கிற மாதிரியெல்லோ! மூண்டு ஞாயிறு வை."

செயலிக்கு ஞாயிறு தெரியாது. நாட்களாக மாற்றி வைத்தேன். "ஆற்ற பேரைப் போட மாமி?"

அங்கேதான் அவர் நின்றுவிட்டார். ஊர் முழுக்க விசாரித்த மனுசியிடம், ஊர் முழுவதற்கும் ஒவ்வொரு குறை கையில் இருந்தது. புருசன்? "அவர் நல்ல மனுசன். ஆனா ரோட்டால போறவன் கேட்டாலும் எடுத்துக் குடுத்திடுவார்." மகள்? "அவள் என்னைக் கேட்டு எதைச் செய்தவள்?" பாதர்? "இண்டைக்கு இஞ்ச, நாளைக்கு மாற்றல்." கடைசியில் என்னைப் பார்த்தார். நானும் எதிர்பார்ப்போடுதான் இருந்தேன், மறைப்பானேன்.

"நீ தங்கமான பொடியன்" என்றார். அந்தத் தங்கம் எனக்குப் பழைய அனுபவம். "ஆனா கடைக்கு வாற ஆக்களோட உனக்குக் கதை கூட."

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். எல்லோரையும் தள்ளிய பிறகு அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது எனக்குக் கவலையாக இருந்தது. அவருக்கும் அது அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கினார். "அங்கால திரும்பி வாசல்ல கிடக்கிற அந்தக் கழுதையைப் பார்" என்றார். நான் கழுதையைப் பார்த்தேன். அவர் ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, ஒரு பெயரையும் மின்னஞ்சலையும் அடித்தார்.

"ஆர் மாமி?"

"அது உனக்கென்னத்துக்கு?"

அடுத்த மாரியில், கருவாடு காயாத ஒரு கிழமையில், மாமி இருந்தாப்போல் கண்ணை மூடிவிட்டார். மகளுக்குப் பிள்ளை பிறந்து சில நாள்தான்; அவளால் வர முடியவில்லை. மருமகன் தனியே வந்தான். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், குழிக்கு மண் போட்டான், வந்தவர்களுக்கு எல்லாம் தலையாட்டினான். வாய் திறக்கவில்லை. ஊர் அதைக் கவனித்தது. விசாரிக்கத்தான் ஆள் இல்லை.

எல்லாம் முடிந்து சில நாளில் மாமாவை, அதாவது மாமியின் புருசனை, அந்த மருமகன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். மாமா மாமியின் போனை மேசையில் வைத்தார்.

"அவவின்ர குரல் அந்தப் போனுக்குள்ள கிடக்குது தம்பி. நாள் முழுக்க வொய்ஸ் போட்டுக்கொண்டு இருப்பா. நிப்பாட்டப்பா எண்டு எத்தினை தரம் கத்தியிருப்பன். இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை."

போன் பூட்டிக் கிடந்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு உதவி செய்வதாகப் படகின் பெயரை அடித்துப் பார்த்ததில், அது தன்னைத்தானே அழித்துப் பூட்டிக்கொண்டிருந்தது. குரல்களின் பிரதி இணையச் சேமிப்பில் இருக்கும். அதன் கடவுச்சொல் பச்சைப் பூட்டுக்குள். பச்சையைத் திறக்க, மாமி பெயர் கொடுத்த ஆள் வேண்டும். மகளை வீடியோவில் எடுத்துக் கேட்டேன். தன் மின்னஞ்சல் முழுக்கத் தேடிவிட்டு, தனக்கு ஒன்றும் வரவில்லை என்றாள். மாமாவுக்கு மின்னஞ்சலே கிடையாது.

"அப்ப ஆரிட்டத்தான் குடுத்தவ?" என்றேன்.

"என்னட்டத்தான்" என்றான் மருமகன்.

நாங்கள் எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு மெயில் வந்தது. ஆரோ கள்ளர் எண்டு நினைச்சன். பிறகு மாமியே வொய்ஸ் போட்டவ. 'தம்பி, வந்ததை அமத்தி ஓம் எண்டு குடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், அவளுக்கும் சொல்லவேண்டாம். இதைக் கேட்டிட்டு அழியுங்கோ' எண்டவ. அழிச்சிட்டன்."

"ஐயோ" என்றார் மாமா.

"அம்மா உங்களைத் தம்பி எண்டவவோ?" திரையில் மகள் கேட்டாள். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லவேண்டாம் எண்டவ."

அவ்வளவுதான் அவனுடைய விளக்கம். மாமியின் விசாரிப்பில் எனக்கு நிறையக் குறை உண்டு, இந்த ஒன்றில் ஒரு குறையும் சொல்ல என்னால் முடியவில்லை.

அவன் தன் போனில் திறக்கும் கோரிக்கையை அனுப்பினான். தகவல் மாமிக்குப் போயிற்று. "பாத்துக்கொண்டிருங்கோ, அவ செத்தும் வேண்டாம் எண்டு அனுப்புவா. எனக்கு அம்மாவைத் தெரியும்" என்றாள் மகள். சிரித்தபடி சொன்னாள், ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் பூசை நேரத்துக்கு அங்கிருந்து எடுத்து, ஏதும் வந்ததா என்று கேட்டாள். மாமாவும் பூசை முடிந்து கேற்றடியில், மாமி நின்று அறிவித்த அதே இடத்தில் நின்று, மருமகனின் போனை எட்டிப் பார்ப்பார். "அவ தடை சொல்லாத ஆளே இல்லை" என்று என்னிடம் சொன்னார். மருமகன் திரும்பிப் போகும் பிரயாணத்தைப் பிற்போட்டுவிட்டு நின்றான்.

மூன்றாம் ஞாயிறு, அவர்களுக்காகக் கடையைத் திறந்தேன். வாசலில் கழுதை படுத்திருந்தது. மேசையில் மருமகனின் போனை வைத்துவிட்டு நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், என் போனின் திரைக்குள் இருந்த மகளோடு சேர்த்து. அவளுடைய தோளில் பிள்ளை தூங்கியது. எந்தச் சத்தமும் இல்லாமல் பச்சைப் பூட்டு திறந்தது. மருமகன் தான் உள்ளே பார்க்காமல் போனை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தான்.

"அப்பா" என்றாள் மகள். "அம்மா ஏதும் அனுப்பினவவோ?"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் கிட்டக் கொண்டுவந்து ஒரு தரம் பார்த்தார். மருமகனையும் ஒரு தரம் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "கொம்மா தடை சொல்லேல்லை."